பறவைப் படம் எடுக்க எதை வாங்குவது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

கேமராவோடு பெட்டியிலேயே வந்த 18-55 மிமீ லென்ஸை எடுத்துக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் முதன்முறை நின்றவர்களுக்கு அந்த ஏமாற்றம் தெரியும். எதிரே மரம் முழுக்கச் சங்குவளை நாரைகளும் கரண்டிவாயன்களும் நிற்கின்றன. வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால் பச்சைப் பரப்பில் சில வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன. அதற்கு அடுத்த வாரம் எழும் கேள்வியைத்தான் பல ஆண்டுகளாகப் பலரும் என்னிடம் கேட்டு வருகிறார்கள்: பறவைகளை எடுப்பதற்கென்று ஒரு முறை செலவு செய்வதானால், எதில் செய்வது?

கேட்பவர்களின் கையிருப்பையும் ஆசையையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் மூன்று வழிகளே மிஞ்சுகின்றன. முதலாவது, லென்ஸைக் கழற்ற முடியாத, நெடுந்தூர ஜூம் கொண்ட பிரிட்ஜ் கேமரா. இங்கே நிக்கான் பி950 என்ற கேமராவை உதாரணமாகக் கொள்கிறேன். இரண்டாவது, ஒருவர் பயன்படுத்தி விற்கும் நல்ல டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கொண்ட) கேமராவோடு ஒரு 150-600 மிமீ லென்ஸ். நிக்கான் டி500, டி7200, கேனான் 7டி மார்க் 2 ஆகியவை இந்த வகையில் அடங்கும். மூன்றாவது, புதிய, சிறிய மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமராவோடு எடை குறைந்த ஒரு ஜூம் லென்ஸ். கேனான் ஆர்10 கேமராவும் ஆர்எஃப் 100-400 லென்ஸும் இதற்கு உதாரணம். 600 மிமீ எஃப் 4 போன்ற பெரிய லென்ஸ்களின் விலை ஒரு காரின் விலையை எட்டுவதால், பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கான இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.

## முதலில் அளவுகோல்கள்

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண் ஜூம் அளவுதான். பி950 கேமராவின் மேல் "83x" என்று எழுதியிருக்கும்; முழுச்சட்டகச் சென்சாருக்கு (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவுள்ள, ஒளியைப் பதியும் சில்லுக்கு) ஈடாகச் சொன்னால் அது 2000 மிமீ. டி500 மீது 600 மிமீ லென்ஸ் பொருத்தினால் 900 மிமீக்கும், ஆர்10 மீது 400 மிமீ லென்ஸ் பொருத்தினால் 640 மிமீக்கும் ஈடாகும். இந்த மூன்று எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்கள் பலர். ஆனால், தொலைவில் இருக்கும் பறவையைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்கும் எண் வேறொன்று. அது லென்ஸின் துளை விட்டம்.

பறவையின் உடலிலிருந்து கிளம்பிவரும் ஒளியில் எவ்வளவு நம் லென்ஸுக்குள் நுழைகிறது என்பதைத் துளையின் பரப்புதான் முடிவு செய்கிறது. லென்ஸின் உண்மையான குவியத் தூரத்தை (மிமீயில் சொல்லப்படும் எண்) அதன் எஃப் எண்ணால் (துளையின் அளவைக் குறிப்பது) வகுத்தால் விட்டம் கிடைக்கும். பி950 கேமராவின் லென்ஸ் உண்மையில் 357 மிமீ குவியத் தூரத்துக்குப் போகிறது, அங்கே அதன் எஃப் எண் 6.5, வகுத்தால் 55 மிமீ. ஆர்எஃப் 100-400 லென்ஸுக்கு 400 மிமீயை 8ஆல் வகுத்தால் 50 மிமீ. 150-600 லென்ஸுக்கு 600 மிமீயை 6.3ஆல் வகுத்தால் 95 மிமீ. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே தூரத்தில் ஒரே பறவையை ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது, 150-600 லென்ஸ் மற்ற இரண்டையும் போல ஏறத்தாழ மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஒளியை வாங்கிக்கொள்கிறது. "பெரிய சென்சார் என்றால் நல்ல படம்" என்ற வாக்கு, பறவை சட்டகத்தை நிறைக்கும் அளவுக்கு அருகில் இருந்தால் உண்மை. அது தொலைவில் இருந்து, நாம் படத்தை வெட்டியெடுக்க வேண்டியிருந்தால், சென்சாரின் வெட்டப்பட்ட பகுதி நமக்கு எந்தப் பயனும் தருவதில்லை. அப்போது பேசுவது துளைதான்.

இரண்டாவது அளவுகோல், பறக்கும் பறவையை ஃபோகஸ் விடாமல் பின்தொடரும் திறன். மூன்றாவது எடை. இதை வசதி சார்ந்த சின்ன விஷயமாக நினைப்பவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. கனமான கருவி ஒரு மாதத்துக்குப் பிறகு அலமாரியில் தங்கிவிடுவதையும், அதன்பின் எடுக்கப்படாத படங்களின் எண்ணிக்கையையும் பார்த்திருக்கிறேன். நான்காவது, வாங்கிய பிறகு தொடரும் செலவு: மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், எடிட் செய்யும் கணினி, பூஞ்சையிலிருந்து பாதுகாப்பு, சர்வீஸ்.

| | பி950 | டி500 + 150-600 | ஆர்10 + 100-400 |
|---|---|---|---|
| முழுச்சட்டக ஈடு (அதிகபட்சம்) | 2000 மிமீ | 900 மிமீ | 640 மிமீ |
| துளை விட்டம் | 55 மிமீ | 95 மிமீ | 50 மிமீ |
| மெகாபிக்சல் | 16 | 20.9 | 24.2 |
| மொத்த எடை | 1 கிலோ | 2.8 கிலோ | 1.1 கிலோ |
| பறக்கும் பறவை (ஃபோகஸ்) | கடினம் | நன்று | மிக நன்று |
| வாங்கும் நிலை | புதிது | பழையது | புதிது |

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் அட்டவணையில் சேர்க்கவில்லை. பொதுவாக முதல் வழியின் விலைதான் குறைவு. இரண்டாவது வழியின் விலை, நீங்கள் வாங்கும் பழைய பொருளின் நிலையைப் பொறுத்துப் பெரிதும் ஏறி இறங்கும்.

## முதல் வழி: பிரிட்ஜ் கேமரா

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சாலையோரத்திலிருந்துதான் பெரும்பாலோர் பார்க்க முடிகிறது. நீளவால் இலைக்கோழியோ நீலத்தாழைக்கோழியோ நடுவில் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். அந்தச் சூழ்நிலையில், வெயில் நன்றாக இருந்து, பறவை அசையாமலும் நின்றால், பி950 தரும் படம் வாங்கியவரை ஏமாற்றாது. துளைக் கணக்கின்படி பார்த்தால் இதில் வியப்பில்லை: அதன் 55 மிமீ துளை, அதைவிட அதிக விலையுள்ள மூன்றாவது வழியின் 50 மிமீ துளைக்குச் சற்றும் குறைந்ததன்று. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு, "இந்தக் குளத்தில் இந்தப் பறவையைப் பார்த்தேன்" என்று ஆதாரப் படத்தோடு பதிவு செய்ய விரும்புபவருக்கு, ஒரே கிலோ எடையில் இதைவிட ஏற்ற கருவி இல்லை. லென்ஸைக் கழற்ற வேண்டியதில்லை என்பதால் சென்சாரில் தூசி படிவதும் அரிது.

ஆனால் 2000 மிமீ என்ற எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டர் அகலம் கொண்டது, எஃப் 6.5 துளையில் ஒளியின் விளிம்பு விளைவு (துளையின் விளிம்பில் ஒளி சற்று விரிவது), ஒவ்வொரு புள்ளியையும் 8 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட வட்டமாக விரித்துவிடுகிறது. ஆகவே 16 மெகாபிக்சல் என்று எழுதியிருந்தாலும், முழு ஜூமில் இறகின் நுண்மை அத்தனை பிக்சலுக்கும் இருப்பதில்லை. இதற்கு மேல் டிஜிட்டல் ஜூமையும் கூட்டுவதால் எதுவும் கிடைக்காது. காலை ஒன்பது மணிக்குமேல் தண்ணீர்ப் பரப்பின் மீது எழும் கானல், தொலைவில் உள்ள எதையும் நெளியச் செய்துவிடும். அதை எந்த விலையுள்ள லென்ஸாலும் சரிசெய்ய முடியாது.

பறக்கும் பறவைதான் இதன் உண்மையான எல்லை. நொடிக்கு 7 படம் என்ற வேகத்தில் பத்துப் படம் எடுத்ததும், அவற்றைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை கேமரா காத்திருக்கச் சொல்லும். கூழைக்கடா அதற்குள் ஏரியைக் கடந்துவிடும். வெளிச்சம் குறைந்தால் இரைச்சலை (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகளை) குறைப்பதற்காகக் கேமரா தானே இறகுகளை மெழுகு பூசியதுபோல் ஆக்கிவிடுகிறது, ஆகவே ஜேபெக் மட்டும் போதும் என்றிருக்காமல் ரா கோப்பாகவும் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் வடிவம்) எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். பழைய பொருளாக இதன் முந்தைய மாடலான பி900 கிடைத்தால் கவனமாக இருங்கள். அதில் ரா கோப்பு வசதியே இல்லை.

## இரண்டாவது வழி: பழைய டிஎஸ்எல்ஆர், பெரிய லென்ஸ்

டி500 வந்தது 2016இல். 7டி மார்க் 2 வந்தது 2014இல். அப்போது இவை விளையாட்டையும் காட்டுயிரையும் படம் எடுப்பவர்களுக்கென்றே செய்யப்பட்ட கேமராக்கள். இரண்டுமே நொடிக்கு 10 படம் எடுக்கும். டி500இல் 153 ஃபோகஸ் புள்ளிகளும் 7டி மார்க் 2இல் 65 புள்ளிகளும் உண்டு. கேனான், நிக்கான் இரண்டு நிறுவனங்களுமே 2020க்குப் பிறகு புதிய உயர்நிலை டிஎஸ்எல்ஆர் கேமராவை வெளியிடாமல் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால், மிரர்லெஸுக்கு மாறியவர்கள் விற்கும் நல்ல பொருள்கள் சந்தையில் வந்துகொண்டே இருக்கின்றன. சிக்மா, டாம்ரான் ஆகிய நிறுவனங்களின் 150-600 லென்ஸ்கள் அவற்றோடு பொருந்தும்.

வால்பாறையின் சோலைக் காட்டுக்குள் காலை ஏழு மணிக்கு இருவாச்சி ஒன்று அத்திமரத்தில் வந்து அமரும்போது, கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது கேமராவுக்கு இருட்டாகத்தான் இருக்கும். மற்ற இரண்டு வழிகளைப் போல மூன்று மடங்கு ஒளியை இந்த லென்ஸ் வாங்கும் என்ற கணக்கு, அந்த இடத்தில் கண்கூடாகத் தெரியும்: கிளையின் நிழலில் இருக்கும் இறகில் இரைச்சலுக்குப் பதிலாக நிறம் தெரியும். கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும் நாரைகளும் கூழைக்கடாக்களும் தலைக்குமேல் பறந்து திரும்பும்போதும் இதே லென்ஸின் ஃபோகஸ் வேகம் கைகொடுக்கும்.

இந்த வழியின் மறைவான செலவுகளை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இங்கேதான் பணத்தை இழந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய 150-600 லென்ஸை, விற்றவரின் வீட்டு முன்னறையில் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்கி வந்தேன். மறுநாள் செல்பேசி டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தபோது, உள்ளே மூன்றாவது கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆன செலவு, பேரம் பேசிக் குறைத்த தொகையைவிட அதிகமாகிவிட்டது. ஆகவே பழைய லென்ஸ் எதையும் டார்ச் அடித்து, முன்னிருந்தும் பின்னிருந்தும் சாய்த்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கடலோர ஊர்களில் வசிப்பவர்கள், வாங்கியபின் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடும் ஈரப்பதம் காட்டும் சிறு கருவியோடும் வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது அந்தக் கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பது. டி500இன் ஷட்டரை 2,00,000 முறைக்கும், டி7200இன் ஷட்டரை 1,50,000 முறைக்கும் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. பறவை எடுத்தவரின் கேமரா ஒரே காலையில் இரண்டாயிரம் முறை அடித்திருக்கும். நிக்கான் கேமராக்கள் இந்த எண்ணைப் படக்கோப்பிலேயே பதிந்து வைப்பதால், விற்பவரிடம் அன்றே எடுத்த ஒரு படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடலாம். டி500இல் கார்டு செருகும் இரண்டு இடங்களில் ஒன்றில் எக்ஸ்க்யூடி என்ற வகை மெமரி கார்டு போட வேண்டியிருப்பதும் ஒரு செலவு. இரண்டாவது இடத்தில் சாதாரண எஸ்டி கார்டைப் போட்டுச் சமாளிக்கலாம். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் சென்சார் தனியாக இருப்பதால், புதிய லென்ஸைப் பொருத்தியதும் ஃபோகஸ் கண்ணுக்குச் சற்று முன்னோ பின்னோ விழக்கூடும். மெனுவில் உள்ள நுண்சீரமைப்பு வசதியில் ஒரு மாலைப்பொழுது செலவழித்தால் இது சரியாகும். இதைச் செய்யாமல் "லென்ஸ் சரியில்லை" என்று விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

2.8 கிலோ எடையை ஒரு மணி நேரம் கையில் தூக்கிப் பிடிப்பது எளிதன்று. முக்காலியைவிடப் பறவை எடுப்பவர்களுக்கு உதவுவது, பயறு நிரப்பித் தைத்த ஒரு துணிப்பை. ஏரிக்கரைக் கைப்பிடிச் சுவரிலோ கார் ஜன்னலிலோ வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். பின்னாளில் மிரர்லெஸுக்கு மாறினாலும் லென்ஸ் வீணாகாது: கேனானுக்கு இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டரும், நிக்கானுக்கு எஃப்டிஇசட் அடாப்டரும் உண்டு. ஆனால் நிக்கான் அல்லாத லென்ஸ்களுக்குச் சில சமயம் மென்பொருள் புதுப்பிப்பு தேவைப்படும். வாங்குமுன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

## மூன்றாவது வழி: சிறிய மிரர்லெஸ், எடை குறைந்த லென்ஸ்

ஆர்10 2022இல் வந்தது. அதனோடு 2021இல் வந்த ஆர்எஃப் 100-400 லென்ஸைச் சேர்த்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி, இலைகளுக்கு நடுவே தாவும் தேன்சிட்டை எடுக்கும்போது அனுபவசாலிக்கும் புதியவருக்கும் இடையிலான இடைவெளியைக் கணிசமாகக் குறைத்துவிடுகிறது. ஃபோகஸ் புள்ளியை விரலால் நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் இப்போது பறவையின் நடத்தையைக் கவனிக்க முடிகிறது. இன்னொரு நன்மை பலர் கண்ணில் படுவதில்லை: இந்த லென்ஸ் 0.41 மடங்கு உருப்பெருக்கம் வரை நெருங்கும் என்பதால், பறவை வராத நண்பகலில் தட்டான்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தனி மேக்ரோ லென்ஸ் இல்லாமலேயே எடுக்கலாம்.

குறை துளையில் இருக்கிறது. எஃப் 8 என்பது விடியலில் மிகக் குறைந்த வெளிச்சம். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன் எண்) 6400க்கும் அதற்கு மேலும் ஏறிவிடும், அந்த இரைச்சலை எடிட்டிங்கில்தான் தீர்க்க வேண்டும். அடோபி லைட்ரூம் 2023இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கம் இந்த வேலையை மிக அழகாகச் செய்கிறது; ஆனால் அதற்கு மாதச் சந்தா வேண்டும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். பழைய லேப்டாப் வைத்திருப்பவர் ஒரு படத்துக்குப் பல நிமிடம் காத்திருக்க நேரும். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் மூன்றாவது வழியின் விலையைக் கணக்கிட வேண்டும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால், வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து தெரியும். பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள், அதிலும் நொடிக்கு 15 படம் வரும்.

இந்த வழிக்கு வளர இடம் இருக்கிறது. பணம் சேர்ந்தபின் அதே கேமராவில் 2023இல் வந்த ஆர்எஃப் 200-800 லென்ஸைப் பொருத்தினால் துளை 89 மிமீயாக உயரும். எடையும் இரண்டு கிலோவைத் தாண்டும்.

## எடிட் செய்வதும் பகிர்வதும்

நீங்கள் எடுக்கும் படங்களை எங்கே பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்வியையும் வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. செல்பேசித் திரையில் பகிரும் படத்துக்கு அகலத்தில் 2000 பிக்சல் போதும். நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியை மூன்று கருவிகளிலும் எடுத்து அந்த அளவுக்குச் சுருக்கினால், எது எது என்று சொல்ல எனக்கே சிரமமாக இருக்கும். ஏ3 அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்ட 17 மெகாபிக்சல் தேவை; அங்கேதான் இரண்டாவது வழி பிரிந்து தெரியும்.

மென்பொருளுக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனலும் அந்தந்த கேமராக்காரர்களுக்கு இலவசம். டார்க்டேபிள் எல்லோருக்கும் இலவசம், பழகச் சில வாரங்கள் ஆகும். எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாத ஒன்று உண்டு: வெயிலில் நிற்கும் கொக்கின் வெள்ளை இறகு எரிந்துபோனால் போனதுதான். இருண்ட பின்னணியில் வெள்ளைப் பறவையை எடுக்கும்போது எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) வரை குறைத்து எடுங்கள். வானத்தின் பின்னணியில் கரிச்சானை எடுக்கும்போது அதே அளவு கூட்டுங்கள். சிறிய சென்சார் கொண்ட பி950இல் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

## யாருக்கு எது

குளம் குளமாகச் சென்று பறவைகளைப் பதிவு செய்வதில் மகிழ்ச்சி காண்பவர், படத்தை ஆதாரமாகக் கருதுபவர், பையில் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும் என்பவர் தயங்காமல் பி950 வாங்கலாம். கூட்டை நெருங்காமல் தொலைவிலேயே நிற்க அது உதவுகிறது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டு பருவங்களாகத் தவறாமல் அதிகாலையில் கிளம்பிப் பழகியவர், பறத்தலும் காட்டு நிழலும் தன் விருப்பம் என்று தெளிவாக அறிந்தவர், பழைய பொருளைச் சோதித்து வாங்கும் பொறுமையும் உள்ளவர் இரண்டாவது வழிக்குப் போக வேண்டும். ஒரே தொகைக்கு இவ்வளவு ஒளி வேறெங்கும் கிடைக்காது.

இன்னும் அந்தப் பழக்கம் உறுதியாகாதவர்களுக்கும், குடும்பப் பயணத்திலும் அதே கேமராவைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும், தோள்வலி உள்ளவர்களுக்கும் நான் சொல்வது மூன்றாவது வழி. துளைக் கணக்கில் அது கடைசியில் நிற்கிறது என்பதை அறிந்தே சொல்கிறேன். என் பையிலும் இப்போது இருப்பது அதுதான்.

முடிவெடுக்குமுன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 150-600 லென்ஸும் அதற்கேற்ற கேமராவும் சென்னை, கோவை போன்ற நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கின்றன. வாடகைக்கு எடுத்த நாளில் ஏரிக்குப் போக வேண்டியதில்லை. மாலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று, கூடு திரும்பும் காகங்களை அரை மணி நேரம் எடுங்கள். கறுப்புப் பறவை, மங்கும் ஒளி, வளைந்து திரும்பும் பறத்தல் என்று மூன்று சோதனையும் அதில் இருக்கிறது. மறுநாள் காலை கை வலிக்கிறதா என்றும், கார்டில் கண் தெளிவாக விழுந்த படங்கள் எத்தனை என்றும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.